சாய்வுக்கோடு போட்ட பெயர்கள்

“தம்பி, இங்க வந்து பாரு லா. மெஷின் தானா பதில் சொல்லுது.”

1996ஆம் ஆண்டு. தெலுக் பங்ளிமா காராங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. சம்பளப் பிரிவு அக்கா கூப்பிட்டபோது நான் இன்னும் பசியாறியிருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். திரை முதலில் ‘நாமா’ என்று கேட்டிருக்கிறது. அக்கா ஒரு தொழிலாளியின் பெயரை, அடையாள அட்டையில் இருக்கிறபடியே, முனியாண்டி ஏ/எல் காளிமுத்து என்று தட்டி எண்டரை அழுத்தியிருக்கிறார். அடுத்த கேள்வி ‘ஜாபாத்தான்’, அதாவது எந்தப் பிரிவு. யாரும் எதையும் தொடவில்லை, ‘ஏ/எல்’ என்று பதில் விழுந்திருந்தது. அதற்கடுத்து ஐசி எண், அதாவது அடையாள அட்டை எண். பதில்: காளிமுத்து.

“பேய் புகுந்திருச்சா?” என்று கேட்டார் அக்கா. பேயெல்லாம் இல்லை, எழுதியவன் நான்தான். சி மொழியில் நான் எழுதி, சம்பளம் வாங்கிக்கொண்டு கொடுத்த முதல் நிரல் அது. ஒரு வாரம் உட்கார்ந்து சோதித்திருந்தேன். சோதனைக்குத் தட்டிய பெயர் எப்போதும் ஒன்றே: குமார்.

ஜெஞ்சாரோமில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தப்பு அது. எங்கள் வட்டாரத்தில் ஒரே சொல்லில் பெயர் வைத்திருப்பவர் யார்? மலாய்க்காரர் பெயருக்கு நடுவில் பின் அல்லது பிந்தி நிற்கும். சீனர் பெயரில் மூன்று சொற்கள். நமக்கு ஏ/எல் அல்லது ஏ/பி, அதற்குப் பின்னால் அப்பா பெயர். சி மொழியில் ஸ்கேன்எஃப் என்ற கட்டளையிடம் ‘%எஸ்’ என்று சொன்னால், அது வெற்றிடம் வரும்வரைதான் படிக்கும். கிள்ளான் பஸ் நிலையத்தில் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள் ஏறியதும் கதவு மூடிக்கொள்கிறது. மற்ற இருவரும் அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொள்கிறார்கள். அது பந்திங் போகிறதா ஷா ஆலாம் போகிறதா என்று பார்ப்பதில்லை. முனியாண்டி ஏறினார், ஏ/எல் பிரிவுக்குப் போனது, காளிமுத்து ஐசி எண்ணில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், மலேசியாவின் கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது ஜெஞ்சாரோம். நடுவில் ஹொக்கியன் பேசும் சீனர்களின் புதுக்கிராமம், சுற்றிலும் செம்பனை. சீனப் புத்தாண்டு சமயத்தில் டோங் சென் புத்தர் கோயிலின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்தெல்லாம் கார்கள் வரும். 2018இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை எரித்த நாற்றத்தால் உலகச் செய்திகளில் அடிபட்டதும் இதே ஊர்தான்.

அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். விடியும் முன் பெரட்டுக்குப் போய் நிற்பார். கிராணி செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். அந்தப் பெரிய ஏட்டில் பெயருக்கென்று அச்சடித்த பத்தி ஒன்று உண்டு. அதன் அகலம் என்னவோ அதுதான் ஆளின் பெயர். பத்தியைத் தாண்டுகிற பெயரைக் கிராணி தன் இஷ்டத்துக்கு வெட்டுவார். அப்பாவுக்குத் தோட்டத்தில் பாதிப் பெயர்தான் இருந்தது. பின்னாளில் நானும் அதே வேலையைச் செய்வேன் என்று அப்போது தெரியாது. கிராணியிடம் பேனா இருந்தது, என்னிடம் கம்பைலர். வித்தியாசம் அவ்வளவுதான்.

சி மொழியை நான் கற்றது கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதியில். டர்போ சியின் நீலத்திரை முன்னால் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பேன். அந்த மொழியில் ஸ்டிரிங் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளில் அடுக்கி, கடைசிப் பெட்டியில் ஒரு சுழியத்தைப் போட்டால் அதுதான் ஸ்டிரிங். நீளம் எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. சிக்குப் பாட்டி முறையான பிசிபிஎல் மொழியில் முதல் பெட்டியிலேயே நீளம் இருந்தது. ஒரு பெட்டியில் எழுதக்கூடிய எண்ணுக்கு எல்லை உண்டு, அதனால் ஸ்டிரிங்கின் நீளத்துக்கும் எல்லை வந்துவிடுகிறது. எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவில் ஓர் அடையாளம் வைப்பது சுலபம் என்றும் பட்டதால் இந்த வழிக்கு வந்தார்கள் என்று டென்னிஸ் ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தில் கெட்டிக்காரர்கள் நாலு பேருக்காகச் செய்த ஏற்பாடு. அது தெலுக் பங்ளிமா காராங்கில் என் கையில் வந்து சேரும் என்று அவர்கள் கண்டார்களா?

முதல் சிக்கலைத் தீர்க்க எஃப்கெட்ஸ் என்ற கட்டளைக்கு மாறினேன். அது வரி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் எண்டர் அழுத்தியதையும் சேர்த்துப் பெயருக்குள் வைத்துக்கொள்ளும். சம்பளப் பட்டியலை அச்சடித்தால் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வெற்று வரி. அதைவிட மோசம், பெயரைத் தட்டித் தேடினால் ‘ஆள் இல்லை’ என்றது. பழைய கோப்பில் எண்டர் இல்லாத முனியாண்டி, புதிதாகத் தட்டியதில் எண்டரோடு முனியாண்டி. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். கடைசி எழுத்து எண்டராக இருந்தால் அங்கே சுழியத்தைப் போடு என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்று பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

பிறகு ஐசி எண். 1990 முதல் மலேசியாவில் புது அடையாள எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (சிலாங்கூருக்கு 10), மிச்சம் நான்கு. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பழைய எண் ஏழு இலக்கம்தான். 12 இலக்கம் என்று தெரியும், ஆகவே 12 பெட்டி ஒதுக்கினேன். கணக்கு சரிதானே?

சுழியத்துக்குப் பெட்டி இல்லை. அது பதின்மூன்றாவது இடத்தில், அதாவது பக்கத்து வீடான பெயரின் முதல் பெட்டியில் போய் விழுந்தது. இப்போது ஐசி எண்ணை முதலில் கேட்கும்படி வரிசையை மாற்றியிருந்தேன், அதனால் பிறகு பெயரைத் தட்டியபோது அந்தச் சுழியம் அழிந்தது. முடிவு அடையாளம் போய்விட்டதால், ஐசி எண்ணை அச்சடிக்கச் சொன்னால் எண்ணோடு ஒட்டிக்கொண்டு பெயரும் வந்தது. இதில் வேடிக்கை, பாதிப் பேருக்கு எல்லாம் ஒழுங்காக வந்ததுதான். அவர்கள் பழைய ஏழு இலக்க எண் கொடுத்த வயதானவர்கள். “இளசுகளுக்கு மட்டும் ஏன் இப்படி வருது?” என்று அக்கா கேட்டதுதான் எனக்குத் துப்பு. அந்த அம்மாள் நிரல் எழுதப் படித்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

எண்ணாக இருக்கிறதே, எண்ணாகவே வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு புத்தி வரும். வேண்டாம். 12 இலக்கம் 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்காது. 2000இல் பிறந்தவர்களின் எண் 00 என்று தொடங்கும். எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் சுழியங்கள் காணாமல் போகும். அஞ்சல் குறியீட்டில் நானே அனுபவப்பட்டேன். ஜெஞ்சாரோமுக்கு 42600, தொல்லை இல்லை. சுங்கைப்பட்டாணி ஆள் ஒருவர் வேலைக்கு வந்தார், அவர் ஊருக்கு 08000. நான் ‘%டி’ போட வேண்டிய இடத்தில் ‘%ஐ’ போட்டிருந்தேன். ‘%ஐ’ முன்னால் சுழியத்தைப் பார்த்தால் எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. எனவே 0 என்று படித்துவிட்டு நின்றது. மிச்சம் 8000 அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போனது. அடுத்த கேள்வி அடிப்படைச் சம்பளம். எட்டாயிரம் வெள்ளி! அந்த மனிதர் பார்ப்பதற்குள் திருத்திவிட்டேன்.

நீளமான பெயர்களுக்கு வருகிறேன். மாதிரிக்கு ஒரு பெயர் சொல்கிறேன், யாருடைய உண்மைப் பெயரும் இல்லை: தனலெட்சுமி ஏ/பி பாலசுப்ரமணியம். நம் பதிவதிகாரிகள் எழுதுகிற ரோமன் எழுத்துக்கூட்டலில் முதல் பெயர் 13 எழுத்து, அப்பா பெயர் 15. நடுவில் ஏ/பியும் இரண்டு வெற்றிடமும் சேர்த்தால் மொத்தம் 33. நான் ஒதுக்கியது 30 பெட்டி. ஸ்டிரிங் காப்பி கட்டளை எல்லையைப் பார்க்காமல் கொட்டிக்கொண்டே போகும் என்பதால், ‘ஸ்டிரிங் என் காப்பி’தான் பாதுகாப்பானது என்று யாரோ சொல்லக்கேட்டு அதைப் போட்டேன். அது 30 எழுத்தை எடுத்து 30 பெட்டியிலும் வைத்தது. சுழியம் வைக்கவில்லை. இடம் நிறைந்துவிட்டால் அது சுழியம் வைக்காது. அதன் சட்டம் அப்படி. ஆதி யூனிக்ஸில் கோப்பின் பெயருக்கு 14 பெட்டிதான், அதை நிரப்பப் பிறந்த கட்டளை அது. பெயர் சின்னதாக இருந்தால் மீதியைச் சுழியங்களால் நிரப்பும், பெரிதாக இருந்தால் விட்டுவிடும். பாதுகாப்புக்காகப் பிறந்ததே இல்லை.

ஆகவே சம்பளச் சீட்டில் அப்பா பெயர் ‘பாலசுப்ரமன்’ என்று அறுந்து, பக்கத்துப் பெட்டியில் இருந்த பிரிவின் பெயரையும் இழுத்துக்கொண்டு ‘பாலசுப்ரமன்பேக்கிங்’ என்று வந்தது. பேக்கிங் பகுதிப் பெண்கள் ஒரு மாதம் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சீட்டில் பெயர் வெட்டுப்பட்ட ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு கடனுக்குப் போனார். அடையாள அட்டையில் ஒரு பெயர், சீட்டில் இன்னொரு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து என் மேசை முன்னால் நின்றார். கோபப்படவில்லை. “எங்கப்பா பேர முழுசா போட்டுக் கொடுங்க சார்” என்றார், அவ்வளவுதான். செக்ரோல் பத்தியும் அப்பாவின் பாதிப் பெயரும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. அன்றிலிருந்து பெயருக்குக் கஞ்சத்தனம் செய்யாமல் இருக்கப் பார்க்கிறேன். அப்படியும் உலகம் முழுதும் கஞ்சத்தனம் இருக்கத்தான் செய்கிறது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம்தான்.

கெட்ஸ் என்று ஒரு கட்டளை இருந்தது. பெட்டி எத்தனை என்று கேட்கவே கேட்காமல் வரியை வாங்கிக் கொட்டும். 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற கோர்னெல் மாணவர் இணையத்தில் விட்ட புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்தக் கட்டளை. 512 பைட் இருந்த இடத்தில் 536 பைட்டை அனுப்பிக் கணினியைக் கைப்பற்றியது. என் நிரலிலும் ஓரிடத்தில் கெட்ஸ் இருந்தது. அதைக் கைப்பற்ற அவ்வளவு மூளை தேவைப்படவில்லை. அக்காவின் கனமான பேரேடு விசைப்பலகைமேல் சாய்ந்தது, ஒரே எழுத்து நூறு முறை ஓடியது, கணினி உறைந்தது. 2011இல் வந்த சி தரத்தில் கெட்ஸை ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். இருபது வருடம் முன்பே செய்திருக்கலாம்.

இதையெல்லாம்விட எனக்குத் தூக்கம் கெட்டது சாய்வுக்கோட்டால்தான்.

ஏ/எல் என்றால் மலாயில் ‘அனாக் லெலாக்கி’, ஆண் பிள்ளை. ஏ/பி பெண் பிள்ளை. அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரங்களில் எஸ்/ஓ, டி/ஓ என்று இருக்கும். சிங்கப்பூரில் இன்றும் அப்படித்தான். எப்படி எழுதினாலும் நடுவில் ஒரு சாய்வுக்கோடு. நான் கிள்ளானில் வேறொரு நிறுவனத்துக்கு மாறியிருந்தேன். லினக்ஸ் சர்வர் புதிதாக வந்திருந்தது. சம்பளச் சீட்டை ஆளுக்கொரு கோப்பாக, ஆளின் பெயரையே கோப்பின் பெயராக வைத்து எழுதும்படி நிரல் செய்தேன். மாத முடிவில் ஓட்டினேன், ஒரு பிழைச்செய்தியும் இல்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் கூட்டம். மலாய்க்காரர்களுக்குச் சீட்டு வந்திருந்தது. சீனர்களுக்கு வந்திருந்தது. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களுக்கும் வந்திருந்தது. தமிழர்களில் ஒருவருக்கும் இல்லை. ஒருவருக்குக்கூட. எங்கள் நாட்டில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. “நம்மள மட்டும் நிறுத்திட்டானுங்க” என்று ஒருவர் சத்தம் போட்டார். யூனியன் தலைவருக்குப் போன் போய்விட்டது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். நிரலை எழுதியவனும் ஒரு ஏ/எல்தான் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் கோபம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியவில்லை.

காரணம் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. லினக்ஸ் சேர்ந்த யூனிக்ஸ் குடும்பத்தில் சாய்வுக்கோடு என்றால் கோப்புகளை வைக்கும் அடுக்கின் எல்லை. ‘முனியாண்டி ஏ/எல் காளிமுத்து’ என்று கோப்பைத் திறக்கச் சொன்னால், ‘முனியாண்டி ஏ’ என்ற அடுக்குக்குள் போய் ‘எல் காளிமுத்து’ என்ற கோப்பைத் தேடும். அப்படி ஓர் அடுக்கு இல்லை, திறக்க முடியவில்லை என்று திருப்பிச் சொல்லும். அதுவரை குற்றம் யூனிக்ஸின்மேல் என்று வாதாடலாம். ஆனால் திறக்க முடியாவிட்டால் பேசாமல் அடுத்த ஆளுக்குப் போ என்று எழுதி வைத்தது நான். ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லாமல், ஓர் இனத்தையே வரிசையாகத் தாண்டிப் போயிருக்கிறது என் நிரல்.

அன்று மதியத்துக்குள் சாய்வுக்கோடு வரும் இடத்தில் அடிக்கோட்டைப் போட்டுச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டேன். மறு மாதம் முதல் கோப்புக்குப் பணியாளர் எண்தான் பெயர். மனிதரின் பெயர் கோப்புக்கு உள்ளே, சாய்வுக்கோடும் வெற்றிடமும் சிலருக்கு வரும் ‘@’ குறியும் கெடாமல் இருக்கும். விமானச்சீட்டில் நம் பெயரில் சாய்வுக்கோட்டை நீக்கி ‘ஏஎல்’ என்று அடிப்பதும் இதே கதைதான். அங்கே சாய்வுக்கோடு குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் நடுவில் நிற்கும் வேலி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் தமிழ் எழுத்துகளோடு மல்லுக்கட்டினேன். தமிழைக் கணினியில் ஏற்ற நம் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளோடு கிளம்பிவிட்டார். 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு, 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு என்று குறியீட்டுச் சண்டைகள் நடந்த காலம். டிஸ்கி போன்ற குறியீடுகளில் ஒரு தமிழ் எழுத்துக்கு 128க்கு மேற்பட்ட எண் இருக்கும். எண் 171 என்று வைத்துக்கொள்ளுங்கள். சியில் எழுத்துப் பெட்டி பல கம்பைலர்களில் மைனஸ் 128 முதல் 127 வரைதான் கொள்ளும். 171ஐ அது மைனஸ் 85 என்று படிக்கும். இது எழுத்தா என்று சோதிக்கும் கட்டளையிடம் அதைக் கொடுத்தால், அட்டவணைக்கு 85 வீடு முன்னால் போய்க் கதவைத் தட்டும். சில நாள் பதில் வரும், சில நாள் நிரல் செத்துவிழும். விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்து வாங்கும் கெட்கேர், எழுத்தாகத் தராமல் முழு எண்ணாகத் தருவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 0 முதல் 255 வரை எல்லா எழுத்தும் வேண்டும், அதற்குமேல் ‘முடிந்தது’ என்று சொல்ல இன்னும் ஓர் எண்ணும் வேண்டும். பெட்டி 256தான், ஆட்கள் 257.

யூனிகோடு வந்து நிலைத்த பிறகு கோயில் ஒன்றுக்கு அர்ச்சனை ரசீது நிரல் செய்தேன். பழைய வழக்கத்தில் பெயருக்கு 21 பெட்டி, அதாவது 20 பைட்டும் ஒரு சுழியமும். யூடிஎஃப்-8 முறையில், 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவுக்கடை ஒன்றில் தட்டுக்கடியில் விரிக்கும் தாளில் வரைந்த அந்த முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி, ஸ்டிரிங் லென்த் கட்டளைக்கு 15. ‘முருகன்’ என்றால் புள்ளியையும் சேர்த்து ஏழு குறி, 21 பைட். என் பெட்டியில் 20தான் போகும். கடைசிப் புள்ளி உடைந்து, ரசீதில் ‘முருகன’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பைட்டின் முதல் இரண்டு பிட்டைப் பார்த்து, தொடர்ச்சி பைட்டாக இருந்தால் பின்னால் நகர்ந்து வெட்டு என்று திருத்தினேன். கேள்விக்குறி போயிற்று. ‘முருகன’ அப்படியே நின்றது. குருக்கள் ரசீதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாமிக்கே புள்ளி இல்லையா?” என்றார். பெட்டியை 256 ஆக்கினேன்.

‘கோ’ இன்னொரு தொல்லை. அதன் ஓகாரத்தை ஒரே குறியாகத் தட்டலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஸ்டிரிங் கம்பேர் கட்டளைக்கு இரண்டும் வேறு. கோமதி என்ற பெயரில் உபயதாரர் ஒருவர் பட்டியலில் இரண்டு முறை இருந்தார். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ஜெஞ்சாரோமில் பள்ளி முடித்த பிள்ளைகள் சிலருக்கு சி சொல்லித் தருகிறேன். பைத்தான் இருக்கும்போது இது எதற்கு அங்கிள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முதல் வகுப்பில் பதில் சொல்வதில்லை. அடையாள அட்டையை எடுக்கச் சொல்லி, வெற்றிடத்தையும் சாய்வுக்கோட்டையும் சேர்த்துத் தன் பெயரை எண்ணச் சொல்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள். வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். என் பெயர் 27. எனக்கு 28 பெட்டி வேண்டும்.